இணையக் குழுவுக்கு மாடரேட்டர்களைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழு வளர்ந்துவிட்டது, தனியாகச் சமாளிக்க முடியவில்லை, யாரை மாடரேட்டராக, அதாவது பதிவுகளையும் புகார்களையும் கவனிக்கும் துணையாக, சேர்த்துக்கொள்வது? இப்படிக் கேட்பவர்களுக்காக எழுதியது இது. டெலிகிராம், வாட்ஸ்அப், டிஸ்கார்டு என்று இடம் எதுவானாலும் ஆள் தேர்வில் வரும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒன்றுதான். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் அதிகாரம் இல்லாதபோது ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைவிட நம்பகமான அளவுகோல் வேறு இல்லை. அப்புறம், கொடுத்த பொறுப்பைத் திரும்பப் பெறும் வழியை, கொடுப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றித்தான் வருகின்றன.

மாடரேட்டர் என்று ஒருவர் அவசியமா? உறுப்பினர்களே பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

ஒருவரையொருவர் தெரிந்த சின்னக் குழுவில் பார்த்துக்கொள்வார்கள். முன்பின் தெரியாதவர்கள் வரத் தொடங்கியதும் அது நின்றுவிடும்.

இதைப் பரிசோதித்தே பார்த்த இடம் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் லாம்ப்டாமூ என்று, முழுக்க எழுத்தாலேயே ஆன ஒரு மெய்நிகர் உலகம் இருந்தது. அதன் நிர்வாகிகளுக்கு அங்கே மந்திரவாதிகள் என்று பெயர். உறுப்பினர்களின் சச்சரவுகளில் இனி தலையிட மாட்டோம், தொழில்நுட்ப வேலையை மட்டும் பார்ப்போம் என்று 1992 டிசம்பரில் அவர்கள் அறிவித்தார்கள். சில மாதங்களில் ஒருவர் மற்றவர்களின் பாத்திரங்களை வைத்து, எல்லோர் முன்னிலையிலும் பாலியல் வன்முறையை எழுதிக் காட்டினார். உறுப்பினர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அவரை நீக்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள், ஆனால் முடிவெடுக்கும் உரிமை யாரிடமும் இல்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தன் சொந்தப் பொறுப்பில் அந்தக் கணக்கை நீக்கினார். யாரிடமும் பொறுப்பைக் கொடுக்காமல் விட்டால் நெருக்கடி வரும் அன்று யாரோ ஒருவர் அதைத் தானாகவே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். முன்கூட்டியே யோசித்துக் கொடுப்பது எல்லோருக்கும் நல்லது.

எப்போது சேர்க்க வேண்டும்? எத்தனை பேர்?

உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பத்தாயிரம் பேர் அமைதியாக வாசித்துவிட்டுப் போகும் குழுவை ஒருவரே பார்த்துக்கொள்ளலாம். இருநூறு பேர் இரவு பகலாகப் பேசும் குழுவில் முடியாது. ஒரு புகார் வந்து ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லாமல் கிடந்தால், அதுவே நேரம் வந்துவிட்டதற்கான அறிகுறி.

என் பரிந்துரை, உங்களையும் சேர்த்து மூவரில் தொடங்குவது. இருவர் மட்டும் இருந்தால் கருத்து வேறுபடும்போது வேலை அப்படியே நின்றுவிடும். அந்த மூவரும் விழித்திருக்கும் நேரங்கள் வேறு வேறாக இருக்கட்டும். ஒரே நேரத்தில் தூங்கும் ஐந்து பேரைவிட அது மேல். ஒரேயடியாகப் பத்துப் பேரைச் சேர்த்தால் யார் எப்படி வேலை செய்கிறார் என்று கவனிக்கவே முடியாது.

சரி, எப்படிப்பட்டவரைத் தேடுவது?

ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவரை. ஒவ்வொரு குழுவிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். புதிதாக வந்தவர் நூறு முறை கேட்கப்பட்ட கேள்வியைக் கேட்டால் சலிக்காமல் பதில் சொல்வார்கள். மோசமான பதிவைக் கண்டால் அதன் கீழே சண்டைக்குப் போகாமல் உங்களுக்குச் சத்தமில்லாமல் தகவல் அனுப்புவார்கள். பேச்சு சூடாகும்போது ஒரு கேள்வி கேட்டுத் திசை திருப்புவார்கள். எந்தப் பட்டமும் இல்லாமலே இதைச் செய்கிறவருக்குப் பொறுப்பைக் கொடுத்தால் அவர் பெரிதாக மாறப்போவதில்லை, கையில் கருவிகள் கூடும், அவ்வளவுதான்.

ஒருவர் மனதில் வந்துவிட்டால் அவருடைய கடந்த சில மாதப் பதிவுகளை உட்கார்ந்து வாசியுங்கள். முக்கியமாக அவர் சண்டையிட்ட இடங்களை. அமைதியான நாளில் எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள். தன் கருத்து தவறு என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டாரா? கடைசி வார்த்தை தன்னுடையதாக இருந்தே தீர வேண்டும் என்று இழுத்தாரா? நேற்று மோதியவரோடு இன்று இயல்பாகப் பேசினாரா? தனக்குப் பிடிக்காத கருத்தைச் சொன்னவர் மேல் அநியாயமான குற்றச்சாட்டு வந்தபோது அவருக்காகப் பேசினாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் கிடைத்தால், என்னைப் பொறுத்தவரை பாதித் தேர்வு முடிந்துவிட்டது.

விலக்க வேண்டியவர்களையும் அதே பதிவுகள் காட்டிக்கொடுக்கும். யாரை வெளியேற்றலாம் என்பதிலேயே ஆர்வமாக இருப்பவர், புதியவர்களைக் கிண்டல் செய்பவர், விதிகளை மேற்கோள் காட்டியே வாதத்தில் ஜெயிக்கப் பார்ப்பவர், இவர்களுக்கு அதிகாரம் கிடைத்தால் குழுவில் பேச்சு குறைந்துவிடும். தனிப்பட்ட உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டை வேறிடத்தில் பரப்பியவர் என்றால், ஒரே ஒரு முறைதான் என்றாலும் வேண்டாம். மாடரேட்டரிடம் மற்றவர்களின் ரகசியங்கள் வந்து சேரும்.

நிறையப் பங்களிப்பவர், விஷயம் தெரிந்தவர். அவரையே போட்டுவிடலாமா?

பங்களிப்புக்கு நன்றி சொல்ல வேறு வழிகள் இருக்கின்றன. நிறைய எழுதுவது ஒரு திறமை, மற்றவர்கள் எழுத இடம் கொடுப்பது வேறொரு திறமை. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் மகிழ்ச்சி, ஆனால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்கக் கூடாது.

ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கே 20,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதிக் குவித்து, நிர்வாகியாகவும் இருந்த ஒருவருக்கு அந்த மொழியே சரியாகத் தெரியாது என்பது 2020 ஆகஸ்டில் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் கெட்ட நோக்கத்தோடு செய்யவில்லை, சிறுவயதிலேயே ஆர்வத்தில் தொடங்கியவர். உழைப்பின் அளவு கண்ணை மறைத்துவிட்டது, தரத்தைச் சோதித்துச் சொல்ல அந்தச் சின்னக் குழுவில் போதிய ஆட்களும் இல்லை. விஷயம் வெளியே வந்ததும் அந்த இளைஞர் கடுமையான வசைக்கு ஆளானார். தகுதி பார்க்காமல் பொறுப்பைக் கொடுப்பது பெறுபவருக்கும் செய்யும் அநீதி.

தாமாக முன்வந்து "என்னை மாடரேட்டர் ஆக்குங்கள்" என்று கேட்பவர்கள்?

கேட்டதாலேயே ஒருவரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கூச்சம் காரணமாக நல்லவர்கள் கேட்காமல் இருக்கலாம், அதுபோல உண்மையான அக்கறையால் சிலர் கேட்கலாம். ஏன் வேண்டும் என்று கேளுங்கள். "காலையில் விளம்பரக் குப்பை நிறைய வருகிறது, அந்த நேரத்தில் நான் விழித்திருப்பேன்" என்பது ஒரு பதில். "எனக்கு இதில் நல்ல அனுபவம், வேறு நான்கு குழுக்களில் அட்மினாக இருக்கிறேன்" என்பது இன்னொன்று. முதலாமவரிடம் மேற்கொண்டு பேசுங்கள். இரண்டாமவர் சொன்ன குழுக்களுக்குப் போய் அங்கே நிலைமை எப்படி என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நண்பர்களை நியமித்தால் என்ன? நம்பிக்கையானவர்கள்தானே?

ஆரம்பத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், வேறு வழியும் இருக்காது. ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள் மட்டுமே தொடர்ந்து வருவதில்தான் ஆபத்து. ஒருவர் தவறு செய்தால் மற்றவர் சொல்ல மாட்டார். நட்பும் கெடும், குழுவும் கெடும்.

இதன் கடைக்கோடி என்ன என்பதை குரோவேஷிய விக்கிப்பீடியாவின் வரலாற்றில் காணலாம். ஒத்த அரசியல் பார்வை கொண்ட சில நிர்வாகிகளும் பங்களிப்பாளர்களும் சேர்ந்து 2011 முதல் 2020 வரை அதைத் தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள் என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளைக்காகத் தயாரிக்கப்பட்டு 2021இல் வெளியான அறிக்கை சொல்கிறது. வரலாற்றுக் கட்டுரைகள் தேசியவாதச் சாய்வோடு திரிக்கப்பட்டன, எதிர்த்தவர்கள் தடை செய்யப்பட்டார்கள், போலிக் கணக்குகள் பயன்பட்டன. அதிகாரத்தில் இருப்பவர்களே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், உள்ளிருந்து திருத்துவது மிகக் கடினம்.

ஆகவே ஒவ்வொரு முறை ஆள் சேர்க்கும்போதும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் என்னிடம் "நீங்கள் செய்தது தவறு" என்று சொல்வாரா? சொல்ல மாட்டார் என்றால் அவரைத் துணையாகக் கருத முடியாது.

தேர்தல் வைப்பதா, நாமே நியமிப்பதா?

குழுவின் வயதைப் பொறுத்தது. இந்த விஷயத்தில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ குடும்பத்துக் கேள்வி பதில் தளங்களின் முறை எனக்குப் பிடிக்கும். புதிய தளத்துக்கு நிறுவனமே தற்காலிக மாடரேட்டர்களை நியமிக்கும். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிந்து, தளம் காலூன்றிய பிறகு தேர்தல் வரும். வேட்பாளர்கள் உறுப்பினர்கள் திரட்டிய கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்வார்கள். ஒருவரையொருவர் தெரியாத இடத்தில் தேர்தல் வைத்தால் பிரபலமானவர்தான் ஜெயிப்பார். பிரபலமும் பக்குவமும் ஒன்றாகவே இருப்பதில்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகளாக இருக்கும் வழி வேறு. நிர்வாகியாக விரும்புபவர் பற்றி ஏழு நாள் வெளிப்படையாக விவாதிப்பார்கள். 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு இருந்தால் பொதுவாகக் கிடைத்துவிடும், 65க்குக் கீழே போனால் பொதுவாகக் கிடைக்காது, இடைப்பட்டதை அதற்கென்று இருக்கும் மூத்தவர்கள் வாதங்களை எடைபோட்டு முடிவு செய்வார்கள். வாக்கு எண்ணிக்கையோடு காரணத்தையும் பார்ப்பது அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு வாரம் முழுக்க எல்லோர் முன்னிலையிலும் குறை சொல்லப்படுவதைத் தாங்க யாருக்கு மனம் வரும்? முன்வருபவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். 2024 அக்டோபரில் ரகசிய வாக்கெடுப்போடு கூடிய தேர்தலைச் சோதித்துப் பார்த்தார்கள். தேர்வு முறையே நல்லவர்களை விரட்டிவிடக் கூடும் என்பதை நாம் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டுமே வேண்டாம் என்ற வழியும் உண்டு. ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம், வழக்கமாக வரும் வாசகர்களில் சிலரைக் கணினியை வைத்துத் தேர்ந்து, மற்றவர்களின் கருத்துகளை ஏற்றவோ இறக்கவோ ஐந்து மதிப்பீட்டுப் புள்ளிகளைக் கையில் கொடுத்தது. மூன்று நாளுக்குள் பயன்படுத்தாவிட்டால் அவை காலாவதியாகிவிடும், தான் பேசும் விவாதத்தில் தானே புள்ளி போடவும் முடியாது. அந்த மதிப்பீடுகள் நியாயமா என்று சரிபார்க்க 1999இல் இன்னொரு அடுக்கையும் சேர்த்தார்கள். பதவி நிலையாக யாரிடமும் தங்காததால் அதற்காகச் சண்டையும் குறைவு. ஆனால் மிரட்டல், துன்புறுத்தல் போன்றவற்றைச் சுழற்சியில் வருபவரிடம் ஒப்படைக்க முடியாது.

சின்னக் குழுவுக்கு நான் சொல்லும் வழி: உறுப்பினர்கள் தனிச்செய்தியில் பெயர்களைப் பரிந்துரைக்கட்டும், முடிவை ஏற்கெனவே இருக்கும் மாடரேட்டர்கள் சேர்ந்து எடுக்கட்டும், அறிவிப்பதற்கு முன் ஒரு வாரம் ஆட்சேபணையும் தனிச்செய்தியில் வரட்டும். யாராவது ஒருவர் "அவர் எனக்குத் தனிச்செய்தியில் தொல்லை கொடுத்தார்" என்று சொல்ல அந்த ஒரு வாரம்தான் வாய்ப்பு.

விண்ணப்பத்தில் என்ன கேட்கலாம்?

"ஏன் மாடரேட்டராக விரும்புகிறீர்கள்" என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே அழகான பதிலைத்தான் எழுதுவார்கள். சூழ்நிலையைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

உங்களுக்கு நெருங்கிய நண்பர் விதியை மீறுகிறார், இன்னொரு மாடரேட்டர் அதைக் கவனிக்கவில்லை. என்ன செய்வீர்கள்? எல்லோரும் மதிக்கும் மூத்த உறுப்பினர், புதியவர்களை விதி மீறாமலேயே புண்படுத்தி விரட்டுகிறார். அவரிடம் எழுதும் முதல் இரண்டு வரியை இங்கே எழுதிக் காட்டுங்கள். சக மாடரேட்டர் நீக்கிய பதிவு நீக்கத் தேவையில்லாதது என்று நினைக்கிறீர்கள். பொதுவில் சொல்வீர்களா? ஓர் உறுப்பினர் தற்கொலை எண்ணம் இருப்பதாக நள்ளிரவில் எழுதுகிறார். முதலில் என்ன செய்வீர்கள்?

"சரியான" விடை முக்கியமில்லை. மற்றவர்களைக் கலந்து பேசும் பழக்கம் இருக்கிறதா, முதல் அடியிலேயே தடைக்குப் போகிறாரா, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறாரா, இவை தெரிந்தால் போதும்.

நேரம் பற்றியும் நேராகக் கேளுங்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று உண்மையாகச் சொல்பவர், எப்போதும் இருப்பேன் என்பவரைவிட நம்பத் தகுந்தவர்.

வயது வரம்பு வைக்கலாமா?

பதினெட்டு என்று வைப்பது நல்லது. மாடரேட்டர் முன்னால் வந்து விழும் புகார்களில் சிறுவர்கள் பார்க்கக் கூடாதவை இருக்கும். திறமை பற்றிய சந்தேகத்தால் இதைச் சொல்லவில்லை, பாதுகாப்புக்காகச் சொல்கிறேன்.

தேர்ந்தெடுத்ததும் எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிடலாமா?

கூடாது. டெலிகிராமில் ஒவ்வொரு அட்மினுக்கும் எந்தெந்த அதிகாரம் என்று தனித்தனியாக அமைக்கலாம், டிஸ்கார்டிலும் அப்படியே. முதல் இரண்டு மூன்று மாதம் பதிவை நீக்கவும் ஒருவரைத் தற்காலிகமாகப் பேசவிடாமல் வைக்கவும் மட்டும் அனுமதி போதும். நிரந்தரத் தடை இருவர் சேர்ந்து எடுக்கும் முடிவாகவே இருக்கட்டும். இன்னொருவரை அட்மின் ஆக்கும் அதிகாரம் மிகக் கடைசியில், மிகச் சிலருக்கு.

செய்வதெல்லாம் பதிவாக வேண்டும். டெலிகிராமின் சமீபத்திய செயல்கள் பட்டியலில் 48 மணி நேரத்து நடவடிக்கைகள்தான் தெரியும், அதனால் முக்கியமானவற்றை மாடரேட்டர்களின் தனி அறையில் ஒரு வரி எழுதி வைக்கும் பழக்கத்தை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்: யார், என்ன, ஏன். எல்லோரும் தங்கள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (நுழையும்போது இன்னொரு சான்றையும் கேட்கும் பூட்டு) இயக்கியிருக்க வேண்டும். ஒரு மாடரேட்டரின் கணக்கு களவு போனால் குழு முழுக்கப் போய்விடும்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழு என்ன ஆகும்?

பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. வாட்ஸ்அப் குழுவில் ஒரே அட்மின் இருந்து அவர் வெளியேறினால், உறுப்பினர்களில் யாரோ ஒருவரைச் செயலியே அட்மின் ஆக்கிவிடும். அவர் யாராகவும் இருக்கலாம்! ரெடிட் என்ற விவாதத் தளத்தில் மாடரேட்டர்களுக்குள் வரிசை உண்டு, மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நீக்கலாம், எதிர்த்திசையில் முடியாது. உங்கள் தளத்தில் உரிமை எப்படிக் கைமாறுகிறது என்று இன்றே பாருங்கள். முழு அதிகாரம் உள்ள இன்னொருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

சம்பளம் கொடுக்க வேண்டுமா?

ஆர்வத்தால் சேர்ந்து நடத்தும் குழுவில் தேவையில்லை. குழுவிலிருந்து யாராவது வருமானம் பார்க்கிறார்கள் என்றால் கேள்வி மாறுகிறது. அமெரிக்காவின் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்து உரையாடல் அறைகளைக் கவனித்தது. பயிற்சி, நேர அட்டவணை, அறிக்கை என்று ஊழியர்களைப் போலவே நடத்தினார்கள், கைம்மாறாகச் சலுகைச் சந்தா. 1999இல் முன்னாள் தன்னார்வலர்கள் கூலி கேட்டு வழக்குப் போட்டார்கள். பல ஆண்டு இழுத்து, 1.5 கோடி டாலரில் சமரசமாக முடிந்தது. வேலை நேரத்தை நிர்ணயித்துக் கணக்குக் கேட்டால் அது வேலைதான், அதற்குக் கூலி கொடுப்பதே நியாயம்.

நல்ல மாடரேட்டர்கள் ஏன் சீக்கிரம் விலகிவிடுகிறார்கள்?

அவர்கள் பார்ப்பதெல்லாம் குழுவின் மோசமான பக்கம். நல்ல உரையாடல்கள் புகாராக வருவதில்லை. ஃபேஸ்புக்கின் உள்ளடக்கத்தைச் சரிபார்த்து மன உளைச்சலுக்கு ஆளான ஒப்பந்தப் பணியாளர்களுக்காக அந்த நிறுவனம் 2020இல் 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. நம் குழுக்களில் அளவு சிறியது, ஆனால் தினமும் வசை வாங்குவது யாரையும் தேய்த்துவிடும்.

விடுப்பு எடுப்பதை இயல்பாக்குங்கள். ஒரு மாதம் வரமாட்டேன் என்று சொல்ல யாரும் தயங்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை "தொடர விருப்பமா?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். மறுத்தால் பொதுவில் மனமார நன்றி சொல்லி அனுப்புங்கள். உறுப்பினர்கள் மாடரேட்டரைத் திட்டும்போது, அவர் செய்தது சரியென்றால், நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள். எந்தப் பரிசைவிடவும் இது அவர்களைத் தங்க வைக்கும்.

தவறான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். எப்படி நீக்குவது?

நியமிக்கும்போதே காலக்கெடு வைத்திருந்தால் பாதிச் சங்கடம் இல்லை. ஓராண்டு, பிறகு புதுப்பித்தல் என்று எல்லோருக்கும் ஒரே விதி.

இடையில் என்றால், முதலில் தனியாகப் பேசுங்கள். குறிப்பிட்ட செயல்களைச் சொல்லுங்கள்: இந்த நாள், இந்தப் பதிவு, இந்த முடிவு. "உங்கள் போக்கு சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்குத் திருத்திக்கொள்ள எதுவும் கிடைக்காது. மாறவில்லை என்றால் மற்ற மாடரேட்டர்களோடு பேசி முடிவெடுத்து, அதிகாரத்தை எடுத்த பிறகு அவரிடம் சொல்லுங்கள். இந்த வரிசை கடுமையாகத் தெரியும், ஆனால் கோபத்தில் ஐந்து நிமிடத்தில் ஒரு குழுவையே காலி செய்ய முடியும். அறிவிப்பு இரண்டு வரி போதும், காரணங்களை விவரிக்க வேண்டாம். ரகசியத்தை வெளியிட்டார், உறுப்பினருக்குத் தொல்லை கொடுத்தார் என்பது போன்றவற்றில் பேச்சு, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் அன்றே நீக்க வேண்டும்.

தேர்வாகாதவரிடம் என்ன சொல்வது?

கட்டாயம் ஏதாவது சொல்லுங்கள். மௌனம்தான் அதிகம் புண்படுத்துகிறது. "இந்த முறை இரவு நேரத்துக்கு ஆள் தேடினோம்" என்பது போல உண்மையான காரணம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். குணத்தில் தயக்கம் என்றால் "இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள், பொய்க் காரணம் வேண்டாம். அதற்குப் பிறகு அவர் குழுவில் எப்படி இருக்கிறார் என்று கவனியுங்கள். முன்பு போலவே வந்து உதவிக்கொண்டிருந்தால் அடுத்த முறை முதலில் அவரைக் கேளுங்கள்.

யாருமே முன்வரவில்லை என்றால்?

பொறுப்பு பெரிதாகத் தெரிவதால்தான் பெரும்பாலும் தயங்குகிறார்கள். துண்டு துண்டாகக் கொடுங்கள். ஒருவர் புதியவர்களை வரவேற்கட்டும். இன்னொருவர் காலையில் மட்டும் விளம்பரக் குப்பையை நீக்கட்டும். மற்றொருவர் அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களைத் தொகுக்கட்டும். பொதுவில் "யாராவது வாருங்கள்" என்று அறிவிப்பதைவிட, பெயர் சொல்லித் தனிச்செய்தியில் "நீங்கள் புதியவர்களிடம் பேசும் விதத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன்" என்று எழுதுங்கள். மறுக்க உரிமை உண்டு என்பதையும் அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள். அப்படியும் ஆள் கிடைக்கவில்லை என்றால் குழுவைச் சுருக்குங்கள். புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தி வைக்கலாம், இரவில் பதிவிடுவதை மூடி வைக்கலாம், வரும் பதிவுகளை அனுமதித்த பிறகே காட்டலாம். தகுதியில்லாதவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெரிய குழுவாக வைத்திருப்பதைவிட, உங்கள் கைக்கு அடங்கும் அளவில் வைத்திருப்பதைத்தான் நான் சொல்வேன்.